எந்திரம் புரிகிறது, எழுத்துத்தான் இடறுகிறது

முச்சக்கர வண்டியின் காபுரேட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரியும். தண்ணீர் மோட்டார் ஏன் இழுக்கவில்லை என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அதே பையனிடம் பாடநூலைக் கொடுத்து ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னால் வியர்த்துப்போகிறான். ஹற்றன், நுவரெலியா பக்கத் தோட்டப் பாடசாலைகளில் இப்படியொரு பிள்ளையை அறியாத ஆசிரியர் அரிது. "கைவேலையில கெட்டிக்காரன், படிப்புல மக்கு" என்று அவனைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதன் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி பல பிள்ளைகள் விஷயத்தில் வெறும் அறியாமை.

1896ஆம் ஆண்டு பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பல வருடம் கற்பித்தும் அவனால் சாதாரணச் சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. ஆனால் இயற்கணிதக் கணக்கைத் தவறில்லாமல் செய்தான். எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொல்லியிருக்கிறார். இன்று அந்த நிலைக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். கையெழுத்தில் வரும் இடர்பாட்டை டிஸ்கிராஃபியா என்றும், எண்களில் வருவதை டிஸ்கல்குலியா என்றும் சொல்கிறார்கள். மூன்றுமே மூளை எழுத்தையும் எண்ணையும் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு. புத்திக் குறைவோ சோம்பலோ அல்ல.

தமிழில் படிக்கும்போது இது பெரும்பாலும் மறைந்தே கிடக்கும். நம் எழுத்து ஓரளவுக்கு ஒலிக்கு உண்மையானது. கூட்டி வாசித்தால் சொல் வந்துவிடும். ஜெர்மன், இத்தாலிய மொழிகள் போல எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில் டிஸ்லெக்ஸியா பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே வெளிப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழ்ப் பிள்ளைக்கு ல, ள, ழ குழம்பும். 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் குறிகளை ஒரே ஒலியாகப் பிடிக்கத் தாமதமாகும். ஆனாலும் எப்படியோ வாசித்துவிடுவான், மெதுவாக. அந்த மெதுவை யாரும் கவனிப்பதில்லை.

அது வெளிச்சத்துக்கு வருவது தொழில்நுட்பக் கல்லூரியில். இலங்கையின் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். டிப்ளோமா மட்டத்துக்கு ஏறியதும் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. பட்டறையில் பேச்சு சிங்களமாக இருக்கிறது. லயத்து வீட்டில் இருந்து தமிழோடு வந்தவனுக்கு மூன்று மொழிகள் ஒன்றாக வந்து நிற்கின்றன. அதிலும் ஆங்கிலம் ஒலிக்குக் கொஞ்சமும் விசுவாசமில்லாதது. தொழிற்சாலை ஃபிட்டர் வாயால் 'கேஜ்' என்று கேட்டுப் பழகிய சொல், கையேட்டில் எழுத்துக்கூட்டிப் படித்தால் 'கௌகே' போல வருகிறது. அளவுமானியைத் துல்லியமாகப் பார்க்கத் தெரிந்தவன், அதன் பெயரைப் படிக்க முடியாமல் வினாத்தாளில் தோற்கிறான்.

மலையகத்துக்கு என்றே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறையின்படி, போதிய கற்பித்தல் கிடைக்காததாலோ, கற்பிக்கும் மொழியில் தேர்ச்சி இல்லாததாலோ வரும் பின்னடைவைக் கற்றல் இடர்பாடு என்று சொல்லக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதற்கு முன் ஒற்றை ஆசிரியர், ஒற்றை மண்டபம் என்றே பல ஓடின. அந்தப் பின்தங்கலின் மிச்சம் இன்னும் இருக்கும் இடத்தில், வாசிக்கத் தடுமாறும் எந்தப் பிள்ளைக்கும் காரணம் கைவசம் தயாராக இருக்கிறது. வறுமை, ஆசிரியர் பற்றாக்குறை, வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. காரணங்கள் பொய்யில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் உண்மையான டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை காணாமல் போகிறது. வழி அந்த வரையறையிலேயே உண்டு: ஆறு மாதம் முறையாக வாசிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்ப்பது. கூடப் படித்தவர்கள் தேறியும் ஒருவன் மட்டும் தேறவில்லை என்றால், அவனைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு முதற்படியில் வைத்தியர்கூடத் தேவையில்லை. அக்கறையுள்ள ஆசிரியர் ஒருவர் போதும். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் இது கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

உயர்ந்த தொழில்நுட்பப் படிப்பு இவர்களுக்கு எட்டாது என்பவர்களுக்குப் பதில் நோபல் பட்டியலில் இருக்கிறது. 2009இல் மருத்துவ நோபல் பெற்ற கரோல் கிரைடர் சிறுவயதில் எழுத்துக்கூட்டுதலுக்காகத் தனி வகுப்புக்கு அனுப்பப்பட்டவர். பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வில் புள்ளி குறைந்ததால் பல பல்கலைக்கழகங்கள் அவரை மறுத்தன. பெர்க்லியும் கால்டெக்கும் மட்டுமே அவருடைய ஆய்வுக்கூட அனுபவத்தைப் பார்த்து அழைத்தன. 2017இல் வேதியியல் நோபல் பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜாக் டுபோஷே, தன் மாநிலத்தில் அதிகாரபூர்வமாக டிஸ்லெக்ஸியா என்று பதியப்பட்ட முதல் மாணவன் தானே என்று சுயவிவரக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கிரைடருக்கு வழி திறந்தது, தேர்வுத்தாளைத் தாண்டி ஒருவர் பார்த்தபோது.

சட்டம் எங்கே நிற்கிறது? இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதற்கு வெகு முன்பே, 1991இல், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் தொடங்கிவிட்டது. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமோ, வாழ்வின் அவசியத் தேவைகளைத் தானாக நிறைவேற்ற இயலாதவரையே மாற்றுத்திறனாளி என்கிறது. மோட்டார் பழுது பார்க்கும் இளைஞன் அந்த வரிக்குள் எப்படி வருவான்? அது திருத்தப்பட வேண்டிய வரி.

அதுவரை கையிலிருப்பதைப் பயன்படுத்தலாம். தொழில் தகைமை மதிப்பீட்டில் செய்துகாட்டும் திறனுக்கே முதலிடம். வேலை பார்த்தே கற்றவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் நேரடியாகச் சான்றிதழ் பெறலாம். கையேட்டில் முதலில் படத்தைப் பார்த்து, பாகங்களைத் தொட்டுப் பெயர் சொல்லி, பிறகு பந்திக்கு வரலாம். கைத்தொலைபேசி இன்று ஆங்கிலத்தையும் தமிழையும் உரக்க வாசித்துக் காட்டும். விரிவுரையை ஒலிப்பதிவு செய்து இரவில் கேட்கலாம். விரிவுரையாளரும் சும்மா இருக்கத் தேவையில்லை: செய்முறை வினாவை வாயால் ஒருமுறை வாசித்துக் காட்டினால் யாருக்கும் அநியாயம் நடந்துவிடாது. எழுத்துப் பிழைக்கும் கருத்துப் பிழைக்கும் வேறுவேறாகப் புள்ளியிடலாம்.

பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் வழங்குகிறது. மருத்துவ அறிக்கையோடு முன்கூட்டியே கேட்க வேண்டும். பரீட்சை நெருங்கும்போது ஓடினால் கிடைக்காது. பரிசோதனைக்குக் கொழும்புப் பக்கம் போவதென்றால் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு வேறு. ஆகவே வெறுங்கையோடு போகக் கூடாது. மூன்றாம், நான்காம் வகுப்புக் கொப்பிகளையும் பழைய தேர்ச்சி அறிக்கைகளையும் எடுத்துப் போங்கள். இடர்பாடு சின்ன வயதிலேயே இருந்தது என்பதற்கு வைத்தியர் தேடும் ஆதாரம் அவைதான். பழைய கொப்பிகளை அடுப்பெரிக்கப் போட்டுவிடாதீர்கள்.