நொடிக்கு நான்கு ஆட்டம்

அசையாமல் நிற்கிறது என்று நாம் நம்பும் பாலம் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது. காற்று தள்ளுகிறது, லாரி குலுக்குகிறது. பாலமோ தனக்கே உரிய கதியில் ஆடுகிறது. நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதுதான் அதன் ‘இயல் அதிர்வெண்’. சுவிட்சர்லாந்தில் பெர்ன்–சூரிச் நெடுஞ்சாலைக்கு மேலே நின்ற ‘இசட்24’ கான்கிரீட் பாலத்துக்கு அது ஏறத்தாழ 4. நம் காதுக்குக் கேட்கவே குறைந்தது 20 வேண்டும்.

மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். விரிசல் விழுந்தால் விறைப்பு குறையும், ஆட்டம் மந்தப்படும். விறைப்பின் வர்க்கமூலத்தை ஒட்டியே அதிர்வெண் நகர்வதால், அது 1% இறங்கினாலே விறைப்பில் சுமார் 2% போய்விட்டது என்று பொருள்.

பாலத்தை யாரும் தட்டவும் வேண்டாம். அந்த வேலையைக் காற்றும் வண்டிகளும் இரவு பகலாகச் செய்கின்றன. ‘முடுக்கமானி’ என்ற சிறு கருவிகளைப் பொருத்தினால் போதும். செல்போனைச் சாய்த்ததும் திரை திரும்புவது இந்த வகைக் கருவியால்தான். பதிவாகும் குழப்பமான குலுக்கலிலிருந்து பாலத்தின் சொந்த ஆட்டத்தைக் கணினி பிரித்தெடுத்துவிடும்.

ஆனால் ஓரிடத்துக் காயம் எளிதில் அகப்படாது. அமெரிக்காவின் அல்புகெர்க்கியில், இடிக்கப்படவிருந்த ஒரு பாலத்தின் எஃகு உத்தரத்தை 1993-இல் ஆய்வாளர்கள் படிப்படியாக வெட்டினார்கள். மூன்று வெட்டுகளுக்குப் பிறகும் அதிர்வெண் 2.48-இலிருந்து 2.46-க்குத்தான் வந்தது. நான்காவது வெட்டில் அடிப்பட்டை முழுதாக அறுந்த பிறகே 2.30-க்கு இறங்கியது. அதனால்தான் பாலத்தின் நீளம் நெடுகக் கருவிகள் வைக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு எழுந்து தாழ்கிறது என்ற ‘அதிர்வு வடிவம்’, காயம் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கக்கூடும்.

அடுத்த எதிரி வானிலை. புதிய ரயில் பாதைக்காக இசட்24 இடிக்கப்பட இருந்தது. 1997 நவம்பரிலிருந்து மணிக்கொரு முறை அதன் அதிர்வையும் வெப்பநிலையையும் பதிவு செய்தார்கள். உறைபனி நாட்களில் அதிர்வெண் ஏறியது! மேலே பூசிய தார் குளிரில் இறுகி, பாலத்துக்கே விறைப்பைக் கூட்டியிருந்தது. எந்தச் சேதமும் இல்லாமலே மாதங்களுக்குள் 14 சதவீதத்துக்கும் மேல் ஏற்ற இறக்கம். விரிசலின் சிறு சரிவு இந்த அலையில் எங்கே தெரியும்?

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த அலையையே கணக்கில் சேர்த்தார்கள். ‘இந்த வெப்பநிலையில் சேதமில்லாத பாலம் இப்படித்தான் ஆட வேண்டும்’ என்று கணினிக்குப் பழக்கினார்கள். 1998 கோடையில் ஒரு தூணைச் சிறிது சிறிதாக 95 மில்லிமீட்டர் வரை இறக்கியபோது உத்தரத்தில் விரிசல்கள் விழுந்தன. அளந்த எண்கள் கணித்த எல்லையை விட்டு விலகின. வானிலை போக மிஞ்சியது சேதம்.

ஆகவே பாலத்தில் கருவி பொருத்த ஏற்ற காலம் விரிசல் கண்ணில் பட்ட பிறகு அல்ல. பாலம் திடமாக இருக்கையிலேயே பொருத்தி, ஒரு கோடையும் ஒரு குளிரும் பதிவாகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.