முகத்துக்கு யார் பணம் தருவார்கள்?

திருநங்கைகளின் முக அறுவை சிகிச்சை ஆடம்பரம் அல்ல. ஆனால் அரசு உதவியைப் பற்றிய பேச்சில் முகம்தான் கடைசி வரிசையில் நிற்கிறது.

மூணாறு சாலையில் இருக்கும் சித்திரபுரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு திருநங்கை வந்து நின்றால், யாரும் அவருடைய அடையாள அட்டையைக் கேட்க மாட்டார்கள். முகத்தைத்தான் பார்ப்பார்கள். புருவத்துக்கு மேல் துருத்திய எலும்பு, அகன்ற தாடை, தொண்டையில் புடைத்த குருத்தெலும்பு. தீர்ப்பு எழுத ஊருக்கு இவை போதும்.

தீர்ப்பின் விலை என்ன என்பதை, மலைக்குக் கீழே இருக்கும் கொச்சி 2017ல் காட்டியது. மெட்ரோ ரயில் நிறுவனம் மாற்றுப்பாலினத்தவர் 23 பேருக்கு வேலை கொடுத்தது. நாடே பாராட்டியது. ஆனால் சில நாட்களிலேயே எட்டுப் பேர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம், வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. வேலை கொடுத்தது அரசு. வீடு கொடுக்க வேண்டியவர்களோ வாசலில் வந்து நின்றவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

முகத்தை மாற்றும் வித்தை அழகு நிலையத்தில் பிறந்ததல்ல. சான்பிரான்சிஸ்கோவில் விபத்துகளிலும் பிறவிக் குறைகளிலும் சிதைந்த மண்டையோட்டைச் சீர்செய்து வந்தவர் டாக்டர் டக்ளஸ் அவுஸ்டர்ஹவுட். 1982ல் ஒரு திருநங்கை நோயாளி தன் முகம் ஆணைப் போலிருப்பதாகச் சொல்ல, அவரது மருத்துவர் அவுஸ்டர்ஹவுட்டின் உதவியை நாடினார். ஆண் முகத்துக்கும் பெண் முகத்துக்கும் எலும்பில் என்ன வித்தியாசம் என்று அவர் மானுடவியல் நூல்களையும் பழைய மண்டையோடுகளையும் அளந்து பார்த்தார். முக்கிய விடை நெற்றியில் இருந்தது.

பருவ வயதில் தடித்த எலும்பை ஹார்மோன் மாத்திரை கரைக்காது. தோல் மென்மையாகும், கொழுப்பு இடம் மாறும், அவ்வளவுதான். சிலருக்கு நெற்றி மேட்டைத் தேய்த்தாலே போதும். மற்றவர்களுக்கு சைனஸ் அறையின் முன்சுவரையே கழற்றி, பின்னுக்குத் தள்ளிப் பொருத்த வேண்டும். மூக்கு, தாடை, மோவாய் ஆகியவற்றையும் செதுக்குவதுண்டு. தொண்டைக் குருத்தெலும்பைச் சீவும்போது கை சற்று ஆழமாகப் போனால் குரலே கெட்டுவிடும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: முகம் மாறினாலும் குரல் மாறாது. அதற்குத் தனிப் பயிற்சி தேவை.

செலவு? தனியார் மருத்துவமனையில் பல லட்சம். தமிழகம் 2008ல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்து வழிகாட்டியது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கும் வழி செய்தது. 2015ல் மாற்றுப்பாலினத்தவருக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்ட முதல் மாநிலம் கேரளம். மத்திய அரசு 2019ல் இயற்றிய சட்டம் சிகிச்சையையும் காப்பீட்டையும் அரசின் கடமையாக எழுதியது. 2022 ஆகஸ்டில், சான்றிதழ் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்று அறிவித்தது.

ஆனால் திட்டங்களில் முதலில் பேசப்படுவது ஆடைக்குள் மறைந்திருக்கும் உறுப்பு. தெருவில் போகிறவர்கள் பார்க்கும் முகமோ 'அழகு சிகிச்சை' என்ற முத்திரையோடு எளிதில் ஒதுக்கப்படுகிறது. உலக அளவிலான திருநர் மருத்துவ நிபுணர்கள் சங்கம் 2022ல் வெளியிட்ட நெறிமுறையோ, தேவைப்படுவோருக்கு முக அறுவையையும் மருத்துவ அவசியங்களில் சேர்த்திருக்கிறது. எனவே மருத்துவமனையில் சேருவதற்கு முன்பே, எந்தெந்த அறுவைக்குக் காப்பீடு உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பணம் கிடைத்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கும். அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாளில் முகம் பூசணிக்காயாக வீங்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகும். தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். மூக்கின் மேல் போட்ட கட்டு ஒரு வாரம் இருக்கும். தையல் பிரிக்க ஏழு முதல் பத்து நாள். தாடையில் கை வைத்திருந்தால் கஞ்சியும் கூழும்தான் சாப்பாடு. உச்சந்தலை மரத்துப்போவது மாதக்கணக்கில் நீடிக்கலாம். இறுதி வடிவம் தெரிய ஓராண்டு ஆகலாம். அதற்குள் கண்ணாடியைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் உண்டு. காய்ச்சல், சீழ், திடீர் வீக்கம், பார்வை மங்கல், மூக்கில் தண்ணீராக ஒழுகுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சித்திரபுரத்திலிருந்து எப்படி ஓடுவது? கொச்சி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு. முதல் பத்து நாளாவது மருத்துவமனை இருக்கும் ஊரில் தங்குவதுதான் பாதுகாப்பு. அதற்கு ஓர் அறையும், கஞ்சி வைத்துத் தர ஓர் ஆளும் வேண்டும். குனிவதும் கனம் தூக்குவதும் சில வாரங்களுக்குக் கூடாது என்பதால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்குகிறவருக்கு அத்தனை நாள் கூலியும் போய்விடும். இந்தக் கணக்கு எந்த மருத்துவமனை பில்லிலும் வராது.

அறுவைக்குப் பிந்தைய வேதனை எப்படிப்பட்டது என்பதைக் கேரளம் அறியும். மாநிலத்தின் முதல் திருநங்கை ரேடியோ ஜாக்கி அனன்யா குமாரி அலெக்ஸ் 2021 ஜூலையில் கொச்சியில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். அவருக்கு நடந்தது முக அறுவை அல்ல, பாலின மாற்று அறுவை. ஓராண்டாகியும் வலி தீரவில்லை, நெடுநேரம் நிற்கக்கூட முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, அவர் போன பிறகு.

அறுவை வேண்டாம், இந்த முகமே என் முகம் என்று சொல்லும் திருநங்கைகளும் இருக்கிறார்கள். அந்த முகத்துக்கும் வாடகை வீடு கிடைக்க வேண்டும். வேண்டும் என்பவருக்கோ கத்தி பிடிக்கும் கை மட்டும் போதாது. வீக்கம் வடியும்வரை படுத்திருக்க, கேள்வி கேட்காத ஓர் அறையும் வேண்டும்.