கசிந்தது என் அடையாள எண், அடுத்து என்ன?

சென்ற ஆண்டு ஒரு மாலை, நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. முன்னாள் மாணவர்களின் ‘சில விவரங்கள்’ கசிந்துவிட்டதாம். இரண்டு வாரம் கழித்து அம்மாவுக்கு ஓர் அழைப்பு. என் பாடப்பிரிவு, பட்டம் பெற்ற ஆண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன ஒருவர், கட்டணப் பாக்கியைத் திருப்பித் தருவதாகக் கூறி ஓடிபி கேட்டிருக்கிறார். அம்மா சொல்லவில்லை. ஆனாலும், “உன்னைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கானே” என்று அன்றிரவு அவர் தூங்கவில்லை.

ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு இது முடிந்துவிடுமா? சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன்.

முதலில் தட்ட வேண்டிய கதவு பல்கலைக்கழகம்தான். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒவ்வோர் அமைப்பும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். நம்மைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறார்கள், கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 30 நாளுக்குள் பதில் தர முடியாவிட்டால், எப்போது தருவார்கள் என்றாவது சொல்ல வேண்டும். நான் எழுதிக் கேட்டேன். மூன்றாவது வாரம் வந்த பதிலில்தான், வங்கிக் கணக்கு எண்ணும் கசிந்தது தெரிந்தது. உடனே வங்கிக்குத் தகவல் சொன்னேன்.

அடுத்தது தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலோ, கடுமையான தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அதை உறுதிசெய்த மூன்று நாளுக்குள் அமைப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் இது கட்டாயம். நாமும் புகார் செய்யலாம். அபராதம் ஒரு மில்லியன் வெள்ளி வரை, பெரிய நிறுவனங்களுக்கு அதற்கு மேலும் போகலாம். ஆனால் அந்தப் பணம் நம் கைக்கு வராது.

இழப்பீடு வேண்டுமென்றால் நீதிமன்றம்தான். சட்டமீறல் நடந்தது, அதனால் நேரடியாக இழப்பு ஏற்பட்டது, இரண்டையும் நாம் காட்ட வேண்டும். தகவல் திருடுபோனது மட்டுமே போதாது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளை அமைப்பு செய்யத் தவறியிருக்க வேண்டும். மன உளைச்சலும் இழப்பாகக் கருதப்படலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022ல் தீர்ப்பளித்தது. ஆனால் தகவல் கைநழுவியது மட்டும் இழப்பாகாது என்றும், சாதாரண எரிச்சல் போதாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆணையம் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தால், மேல்முறையீடுகள் முடியும்வரை வழக்குத் தொடர முடியாது.

நான் வழக்குத் தொடரவில்லை. பணம் போகவில்லை, வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாது. புகார் மட்டும் செய்தேன். பணத்தை இழந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் உடனே வங்கியிடமும் காவல்துறையிடமும் சொல்ல வேண்டும்; பிறகு சமூக சட்ட மையத்தில் இலவச ஆலோசனை கேட்கலாம்.

வந்த மின்னஞ்சல், அழைப்பு விவரம், காவல்துறைப் புகார் நகல் எதையும் அழித்துவிடாதீர்கள். நாளை அவைதான் உங்கள் சாட்சி. சந்தேகமான அழைப்பா? 1799க்கு அழைத்துக் கேளுங்கள். அம்மாவின் கைப்பேசியில் அந்த எண்ணை நான் சேமித்து வைத்திருக்கிறேன்.