இரண்டு கிதார்கள்

சாலைக் கடைத்தெருவில் வாழும் தமிழன்பர்களுக்கு நவராத்திரி மண்டபம் நடந்து செல்லும் தொலைவே. விழாவின் நான்காம் நாளில் அங்கே சுவாதித் திருநாளின் தோடிக் கீர்த்தனத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு, ஸ்பெயின் நாட்டின் பிளமெங்கோ இசை முற்றிலும் அந்நியமன்று. தோடியின் ஏழு சுரங்கள் அவ்விசையில் மிகுதியாகப் பயில்கின்றன. காந்தாரத்தை மட்டும் உயர்த்தினால் நம் வகுளாபரணம். அதுவும் அங்கே அடிக்கடி வரும்.

இவ்விசையோடு லத்தீன் அமெரிக்கத் தாளங்களையும் ஈரானிய இசையையும் இணைத்தவர்கள், கோஸ்டரிக்காவில் பிறந்த ஹோர்ஹே ஸ்ட்ரன்ஸும் தெஹ்ரானில் பிறந்த அர்தஷிர் ஃபராவும். இருவரும் அமெரிக்காவில் 1979-இல் சந்தித்தனர். இவர்களுடைய ‘அமெரிக்காஸ்’ என்னும் 1992-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

வெறுங் கலவை என்று இதனை ஒதுக்குவோர் உண்டு. அது முறையன்று. ஆயினும், இதில் தோடியையே தேடுவோர் ஏமாற்றமடைவர். தோடிக்கு உயிர் கமகம். கிதாரிலோ சுரங்கள் முத்துக்களைப்போலத் தனித்தனியே தெறிக்கின்றன. சுரம் ஒன்றாயினும் இராகம் வேறு என்பதை நம் இரசிகர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. இங்கே கவனிக்கத் தக்கது இருவரின் உடன்பாடு: ஒருவர் தந்திகளை வருடித் தாளத்தைத் தாங்க, மற்றவர் கற்பனையில் விரைகிறார், பின்னர், அறிவிப்பு ஏதுமின்றி, முறை மாறுகிறது.