காபட் போட்டால் மட்டும் போதாது

கடை முற்றத்துக்கும் களஞ்சிய வளவுக்கும் காபட் போடுவது நமது வர்த்தகர்களிடையே சாதாரணமாகிவிட்டது. சேறு இல்லை, தூசி இல்லை, லொறி இலகுவாக உள்ளே வரும். ஆனால் போட்ட முதல் எத்தனை வருடம் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

வெடித்துப்போன பழைய காபட்டின் மேலேயே புதிய படையைப் போடச் சொன்னேன். அடுத்த மழைக்காலம் முடியும்போது பழைய வெடிப்புகள் அதே கோட்டில் மேலே வந்துவிட்டன. கூரைத் தண்ணீர் விழும் மூலையில் குழி. வேலை செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியில் இருந்த நோயை மூடச் சொன்னது நான்தான்.

காபட் என்பது பெரும்பாலும் கல்லும் மணலும் கல்தூளும்தான். அவற்றை ஒட்டிவைக்கும் தார், நிறையில் சுமார் 5 சதவீதமே. வெயிலிலும் காற்றிலும் அது இறுகி வெடிக்கும். வெடிப்பால் இறங்கும் தண்ணீர் அடித்தளத்தை இளக்கும். அதன்மேல் லொறி ஏறினால் குழிதான். ஆகவே முதல் எதிரி தண்ணீர். முற்றத்துக்குச் சரிவு வையுங்கள். கூரைப் பீலியை வடிகானுக்குத் திருப்புங்கள்.

இரண்டாவது எதிரி டீசல். தாரும் மசகெண்ணெயிலிருந்து வருவதால் டீசல் அதைக் கரைத்துவிடும். ஒழுகும் லொறிக்குக் கீழே தட்டு வையுங்கள். சிந்தினால் உடனே மணல் போட்டு அள்ளுங்கள்.

மூன்றாவது பாரம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த வீதிப் பரிசோதனையிலிருந்து பொறியியலாளர்கள் எடுத்த கணக்கு இது: அச்சின் மேலுள்ள பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. அளவுக்கு மிஞ்சி ஏற்றிய லொறியை உள்ளே விடாதீர்கள். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டாமென்று சாரதியிடம் சொல்லுங்கள். கழற்றி நிறுத்தும் ட்ரெயிலரின் கால்களுக்குக் கீழே தடித்த பலகை வையுங்கள்.

வருடந்தோறும் மழைக்கு முன் முற்றத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். வெடிப்பைத் துப்புரவாக்கி, காய்ந்த பின் தார் ஊற்றி அடையுங்கள். குழியாயின், இளகியதைச் சதுரமாக வெட்டியெடுத்து, ஓரங்களுக்குத் தார் பூசி, நிரப்பி இடித்து இறுக்க வேண்டும்.

புதிதாகப் போடுவோர் கொந்தராத்துக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: அடித்தளம் உறுதியா? பழைய வெடிப்புக்கு என்ன செய்வீர்கள்? உருளை போட்டு இறுக்கிய பின் தடிப்பு எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு வாளித் தாருக்குக் கணக்குப் பார்த்தால், பிறகு முழு முற்றத்துக்கும் மறுபடி முதல் போட வேண்டிவரும். நான் போட்டேன், நீங்கள் போட வேண்டாம்.