ரயில் வரும், ஆனா நிற்காது: ஒரு பழைய கடைத்தெரு மீண்டு வந்த கதை

உங்கள் தெரு வழியாக ரயில் ஓடப் போகிறது. அதற்காகக் கடை வாசலைத் தோண்டுவார்கள். வண்டி நிறுத்தும் இடத்தையும் எடுத்துக்கொள்வார்கள். தூசி, சத்தம், வியாபார நஷ்டம் எல்லாம் உங்களுக்கு. ஆனால் ரயில் மட்டும் உங்கள் ஏரியாவில் நிற்காது. என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் பாலில், யுனிவர்சிட்டி அவென்யூ மக்களுக்கு இந்த நிலை நிஜமாகவே வந்தது. சமூக அமைப்புகளும் வியாபாரிகளும் அரசும் சேர்ந்து ஒரு பழைய கடைத்தெருவைத் தூக்கி நிறுத்தியதற்கு உதாரணமாக இந்தச் சாலையைத்தான் இன்று பலர் காட்டுகிறார்கள். 'கூட்டு முயற்சி' என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆரம்பித்தது சண்டையில்.

அது என்ன சாலை?

செயின்ட் பாலையும் பக்கத்து நகரமான மின்னியாபோலிஸையும் இணைக்கும் பழைய முதன்மைச் சாலை இது. ஒரு காலத்தில் டிராம் ஓடியது, வரிசையாகக் கார் ஷோரூம்கள் இருந்தன. 1950களில் டிராம் நின்றது. பிறகு இதற்கு இணையாகவே ஐ-94 நெடுஞ்சாலை வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போனது, ஷோரூம்களும் புறநகருக்கு நகர்ந்தன. காலியான கட்டடங்களில் 1970களின் இறுதியிலிருந்து கடை போட்டவர்கள் வியட்நாம், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். வியட்நாமிய, ஹ்மாங் மக்களின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் அந்தத் தெருவுக்கு மறுபடி உயிர் கொடுத்தன.

ஐ-94 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோண்டோ என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பை நடுவே பிளந்துகொண்டுதான் அந்தச் சாலை போடப்பட்டது. நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. நகர மேயர் கிறிஸ் கோல்மன் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2015இல்தான். அதனால் 'உங்கள் பகுதிக்கு வளர்ச்சி வருகிறது' என்று அரசு சொன்னபோது, அங்கே யாரும் உடனே கைதட்டவில்லை.

மூன்று ஸ்டேஷன்கள் எங்கே போயின?

இரு நகரங்களையும் இணைக்கும் கிரீன் லைன் இலகு ரயில் திட்டம். நீளம் 11 மைல், அதாவது சுமார் 18 கி.மீ. செலவு 95 கோடி டாலருக்கும் மேல். அதில் பாதி மத்திய அரசின் பணம்.

முதல் திட்டப்படி, வசதி குறைந்த கிழக்குப் பகுதியில் ஸ்டேஷன்களுக்கு இடையே சுமார் ஒரு மைல் தூரம். வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லின் ஆகிய மூன்று சந்திப்புகளிலும் ரயில் நிற்காது. அங்கே பல வீடுகளில் கார் கிடையாது. மினசோட்டா குளிரில், பையைத் தூக்கிக்கொண்டு பனியில் அரை மைல் நடப்பதை யோசித்துப் பாருங்கள். அதோடு, அடிக்கடி நின்று நின்று போகும் 16ஆம் எண் பஸ்ஸையும் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள்.

ஏன் இப்படி? காரணம் ஒரு கணக்கு. மத்திய அரசின் நிதி கிடைக்க 'செலவுக்கு ஏற்ற பலன்' என்ற அளவுகோலில் திட்டம் தேற வேண்டும். பயணிகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சம், அதற்கு எவ்வளவு செலவு என்று அது பார்க்கும். ஒரு ஸ்டேஷனைக் கூட்டினால் செலவும் ஏறும், பயண நேரமும் கூடும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பவர் காரில்லாத ஏழை என்பதற்கு அந்தக் கணக்கில் தனி மதிப்பெண் கிடையாது. கணக்கு சரிதான். ஆனால் கேட்ட கேள்வியே தப்பு!

குடியிருப்போர் அமைப்புகள், தேவாலயங்கள், போக்குவரத்து உரிமைக் குழுக்கள் எல்லாம் 'ஸ்டாப்ஸ் ஃபார் அஸ்' என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. ரயில் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, 'நின்னுட்டுப் போகட்டும்' என்றார்கள். 2010 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அந்த விதியைத் தளர்த்தியது. அதே மாதம் மூன்று ஸ்டேஷன்களும் திட்டத்துக்குள் வந்தன.

தோண்டும்போது கடை என்ன ஆகும்?

ஸ்டேஷன் கிடைத்தால் மட்டும் போதாதே. ரயில் வரும்வரை கடை உயிரோடு இருக்க வேண்டும். சாலையோர பார்க்கிங்கில் பெரும்பகுதி போகிறது, வாசலில் பள்ளம். ரோண்டோ தரப்பினரும் கறுப்பின உரிமை அமைப்பும் வழக்குப் போட்டார்கள். கட்டுமானக் காலத்தில் வியாபாரிகள் இழக்கப்போகும் வருமானத்தை அதிகாரிகள் போதுமான அளவு ஆராயவில்லை என்று 2011இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. ஆனால் வேலையை நிறுத்தவில்லை.

இந்த இடத்தில்தான் கூட்டு முயற்சிக்கு உருப்படியான வேலை வந்தது. சிறு கடைகளுக்கு 20,000 டாலர் வரை உதவிக் கடன் கொடுத்தார்கள். அந்தச் சாலையிலேயே தொடர்ந்து வியாபாரம் செய்தால், கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம். 'யு7' என்ற பெயரில் சேர்ந்த உள்ளூர் அமைப்புகள் கடை கடையாக ஏறி இறங்கின. கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது, பெயர்ப் பலகையை மாற்றுவது, விளம்பரம் செய்வது என எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். பல அறக்கட்டளைகள் 2007இலேயே ஒரு பொது நிதிக் குழுவை அமைத்திருந்தன. சுமார் பத்தாண்டு வேலை செய்துவிட்டு அந்தக் குழு கலைந்தது.

இன்னொரு திட்டம் கொஞ்சம் வித்தியாசமானது. 'இர்ரிகேட்' என்ற பெயரில் 600 உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடைக்காரர்களோடு கோத்துவிட்டார்கள். தோண்டிப் போட்ட தெருவில் சுவரோவியம், இசை, நடனம். 'அங்க ஒரே தூசி, போகாதே' என்ற பேச்சு, 'அங்க என்னமோ நடக்குதாமே' என்று மாறியது. இதனால் பள்ளம் மூடிவிடாது. ஆனாலும் கடைக்கு வந்து எட்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது.

இவ்வளவு செய்தும் சில கடைகள் மூடப்பட்டன. சில வேறு இடத்துக்குப் போயின.

ரயில் வந்த பிறகு?

2014 ஜூன் 14 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் கணித்ததைவிட அதிகம் பேர் ஏறினார்கள். போராடி வாங்கிய வெஸ்டர்ன் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள ஆசியக் கடைகள் இப்போது 'லிட்டில் மீகாங்'. கோடையில் அங்கே இரவுச் சந்தை நடத்தியிருக்கிறார்கள்.

அருகிலுள்ள டேல் சந்திப்பு இன்னும் சுவாரஸ்யம். ஆபாசப் பட தியேட்டர் இருந்த மூலையில் 2006இல் பொது நூலகம் வந்தது. அதற்கு வைத்த பெயர் ரோண்டோ. எதிர் மூலையில் உள்ளூர் அமைப்புகள் நான்கு சேர்ந்து 'ஃப்ராக்டவுன் ஸ்கொயர்' கட்டின. மேலே முதியோருக்கான குறைந்த வாடகை வீடுகள், கீழே அந்த ஏரியாக்காரர்களின் கடைகள்.

2020இல் முதலில் கொரோனா வந்தது. அடுத்து மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையைத் தொடர்ந்த கலவரத்தில் இதே சாலையின் மிட்வே பகுதியில் பல கடைகள் சூறையாடப்பட்டன. சில எரிந்தன.

அப்படியானால் இது வெற்றிக் கதையா? ரயிலைப் பொறுத்தவரை, ஆமாம். ஆனால் வாடகை என்ற பிரச்சினை அப்படியே நிற்கிறது. தெரு நன்றானால் இடத்தின் மதிப்பு ஏறும், லாபம் கட்டட உரிமையாளருக்குப் போகும். கடைக்காரர்களில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். இதற்கு அந்த ஊர் அமைப்புகள் கண்டுபிடித்த வழி, கட்டடத்தையே வாங்கிவிடுவது. யுனிவர்சிட்டி அவென்யூவைக் குறுக்கே கடக்கும் ஸ்நெல்லிங் சாலையில் ஆப்பிரிக்கக் குடியேறிகளின் கடைகள் நிறைந்த பகுதிக்கு 'லிட்டில் ஆப்பிரிக்கா' என்று பெயர். அங்கே ஆப்பிரிக்கக் குடியேறிகளின் பொருளாதார அமைப்பு ஒரு கட்டடத்தை வாங்கி, 'லிட்டில் ஆப்பிரிக்கா பிளாசா' என்று பெயர் வைத்திருக்கிறது.