பாவலர் சகோதரர்கள்

பாவலர் சகோதரர்கள் (பாவலர் பிரதர்ஸ்) என்பது தமிழ்நாட்டின் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த நான்கு உடன்பிறப்புகள் நடத்திய இசைக்குழு ஆகும். பாவலர் வரதராசன், ஆர். டி. பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோர் இதன் உறுப்பினர்கள் ஆவர். 1950களின் பிற்பகுதியில் பொதுவுடைமைக் கட்சியின் பரப்புரை மேடைகளில் பாடிவந்த இக்குழு, 1960களின் இறுதியில் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. நாட்டார் இசையையும் மேற்கத்திய இசையையும் இணைத்த ஒரு புதிய திரையிசைப் பாணி உருவாக இக்குழுவில் பெற்ற பயிற்சி அடிப்படையாக அமைந்தது. குழுவைத் தோற்றுவித்த வரதராசன் அம்மாற்றத்தைக் காணாமலேயே மறைந்தார்.

பின்னணி

பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. மலைக்கு அப்பால் கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்கள் உள்ளன. அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே அடிவாரத்து ஊர்களுக்கும் மலைத்தோட்டங்களுக்கும் இடையே ஆட்களின் போக்குவரத்தோடு பாட்டின் போக்குவரத்தும் இருந்துவந்தது. நடவுப் பாட்டு, தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி ஆகியவை இப்பகுதி மக்களின் அன்றாட வாழ்வோடு கலந்தவை.

சகோதரர்களின் தந்தை டேனியல் ராமசாமி. இளையராஜாவின் தாய் சின்னத்தாயம்மாள். மூத்தவரான வரதராசன் பாடலாசிரியராகவும் பாடகராகவும் விளங்கினார். 'பாவலர்' என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். அதுவே பின்னர் குழுவின் பெயரும் ஆயிற்று. 1943 இல் பிறந்த இளையராஜாவின் இயற்பெயர் ஞானதேசிகன். ஊரில் ராசையா என அழைக்கப்பட்டார். கங்கை அமரனின் இயற்பெயர் அமர்சிங். அவர் 1947 இல் பிறந்தவர்.

தேவிகுளம் இடைத்தேர்தல்

1957 ஆம் ஆண்டு கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சியின் அமைச்சரவை பொறுப்பேற்றது. 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் கட்சிக்கு 60 இடங்களே கிடைத்திருந்தன. சுயேச்சை உறுப்பினர் ஐவரின் ஆதரவுடனேயே ஆட்சி நடந்தது. தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டதால், 1958 இல் அங்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. இவ்வளவு குறுகிய பெரும்பான்மையில் ஒவ்வோர் இடமும் ஆட்சிக்கு இன்றியமையாததாக இருந்தது.

தொகுதியின் வாக்காளர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். மலையாள மேடைப்பேச்சு அவர்களை எளிதில் எட்டாது. எனவே தமிழில் பாடக்கூடிய வரதராசனின் குழு அங்கு பரப்புரையில் ஈடுபட்டது. காங்கிரசுக் கட்சியின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையை எள்ளி நகையாடிய அவரது பாடல் மிகவும் புகழ்பெற்றது. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வெற்றிபெற்றார். ராசையா தம் பதின்ம வயதில் அண்ணனின் குழுவில் பாடத் தொடங்கியதும் இக்காலத்தில்தான்.

குழுவின் செயல்முறை

ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இக்குழு தமிழகத்திலும் கேரளத்தின் தமிழர் பகுதிகளிலும் ஊர் ஊராகச் சென்று பாடியது. வரதராசனின் முறை எளிமையானது. மக்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு மெட்டை அவர் எடுத்துக்கொள்வார். அது ஒரு நாட்டார் பாடலாக இருக்கலாம், அல்லது அந்த ஆண்டில் புகழ்பெற்ற திரைப்படப் பாடலாகவும் இருக்கலாம். அதற்குக் கூலி, நிலம், விலைவாசி, தேர்தல் பற்றிய புதிய சொற்களை எழுதுவார். மெட்டு பழகியதாக இருந்தமையால் கேட்போரின் கவனம் முழுவதும் சொற்களின் மீது சென்றது.

ராசையா தொடக்கத்தில் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்த பின்னர் ஆர்மோனியம் வாசிப்பதற்கு மாறினார். பாஸ்கர் தாளக் கருவிகளைக் கவனித்துக்கொண்டார். பின்னர் அமர்சிங்கும் இணைந்தார். அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொடுவதற்குத் தமக்கு அனுமதி இருக்கவில்லை என்றும், அவர் இல்லாத வேளைகளில் மறைந்து பழகியதாகவும் இளையராஜா பல மேடைகளில் கூறியுள்ளார்.

இத்தகைய மேடைகள் இசைக்கலைஞர்களுக்கு ஒரு கடுமையான பயிற்சிக்களம் ஆகும். அங்கு இசைக்குறியீடு கிடையாது, ஒத்திகைக்கு நேரமும் குறைவு. கூட்டம் கலையத் தொடங்கினால் அந்த நொடியிலேயே தாளத்தையோ சுருதியையோ மாற்ற வேண்டும். ஒரு மெட்டின் எந்தப் பகுதி கேட்போரை நிறுத்துகிறது, எந்தப் பகுதியில் அவர்கள் உடன் பாடுகிறார்கள் என்பதை நேரில் காணலாம்.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் இடதுசாரி இயக்கம் இசைக்கலைஞர்களை உருவாக்கியது. 1943 இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றத்தில் வளர்ந்த வங்காள இசையமைப்பாளர் சலில் சௌத்ரி, நாட்டார் மெட்டுகளையும் மேற்கத்திய செவ்விசையையும் இணைத்தவர். பிற்காலத்தில் இளையராஜா சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கிதார் வாசித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை வாழ்க்கை

1960களின் இறுதியில் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகிய மூவரும் திரைப்படத் துறையில் வாய்ப்புத் தேடிச் சென்னை வந்தனர். தாய் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்றுக் கிடைத்த 400 ரூபாயை அவர்களிடம் கொடுத்து அனுப்பினார். தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜாவும் அக்காலத்தில் சென்னையில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பண்ணைப்புரத்தில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றியபோதே சகோதரர்களின் நண்பரானவர். நாடகங்களுக்கு இசையமைப்பதும் மேடைக் கச்சேரிகளில் வாசிப்பதும் சகோதரர்களின் வருவாய் வழிகளாக இருந்தன.

1968 இல் ராசையா, தன்ராஜ் மாஸ்டர் என்ற இசை ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் தன்ராஜ் மேற்கத்திய இசையைக் கற்பித்துவந்தார். பாக், பேத்தோவன் முதலியோரின் ஆக்கங்களும், ஐந்து கோடுகளில் எழுதப்படும் இசைக்குறியீட்டு முறையும் ராசையாவுக்கு இங்கு அறிமுகமாயின. 'ராஜா' என்ற பெயரை வைத்தவரும் தன்ராஜ் மாஸ்டரே. பின்னர் ராஜா இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேசிடம் உதவியாளராகச் சேர்ந்து, பெரும்பாலும் கன்னடப் படங்களில் பணியாற்றினார்.

வரதராசன் 1970களின் முற்பகுதியில் காலமானார். தம்பியரின் முதல் திரைப்படம் அப்போது வெளிவந்திருக்கவில்லை.

அன்னக்கிளி

கதாசிரியர் செல்வராஜ், ராஜாவைத் தயாரிப்பாளரும் பாடலாசிரியருமான பஞ்சு அருணாசலத்திடம் அறிமுகப்படுத்தினார். மேசையில் தாளம் தட்டியபடி ராஜா பாடிக்காட்டிய மெட்டுகள் பஞ்சு அருணாசலத்துக்குப் பிடித்துவிட்டன. ஏ. எம். ராஜா என்ற பாடகர் ஏற்கெனவே இருந்தமையால் 'இளையராஜா' எனப் பெயர் சூட்டி, தேவராஜ்-மோகன் இயக்கிய 'அன்னக்கிளி' (1976) படத்தில் வாய்ப்பளித்தார்.

ஆராதனா (1969), பாபி (1973) முதலிய இந்திப் படங்களின் பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. நாட்டார் மெட்டு தமிழ்த் திரைப்படத்துக்குப் புதியதன்று. முந்தைய இசையமைப்பாளர்களும் அதைப் பயன்படுத்தியுள்ளனர். ஆனால் அன்னக்கிளி படத்தில் கிராமிய மெட்டு படத்தின் இசைக்கே அடித்தளமாக அமைந்தது. அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' (1977) வெளிவந்தது. அப்படத்தின் மூலம் கங்கை அமரன் பாடலாசிரியராக அறிமுகமானார். அவர் எழுதிய 'செந்தூரப் பூவே' பாடலுக்காக எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார்.

இசைப் பாணி

நாட்டார் பாடல் பொதுவாக ஒற்றை இசைவரியில் செல்வது. ஒருவர் பாட, மற்றவர் அதே வரியைத் தொடர்ந்து பாடுவர். அதன் கீழே பறை, உறுமி, தவில் போன்ற கருவிகளின் தாளம் இருக்கும். மேற்கத்திய இசையின் அடிப்படை வேறு. அங்கு ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. அவற்றின் மாற்றமே இசையை நகர்த்துகிறது.

இவ்விரண்டையும் இணைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தெம்மாங்கு மெட்டின் வளைவுகளும் குழைவுகளும் அதன் உயிர். அதன் மீது பொருந்தாத சுரக்கூட்டுகளை அடுக்கினால் மெட்டு நேராக்கப்பட்டுத் தன் சாயலை இழந்துவிடும். இளையராஜா இதனைப் பின்வரும் முறைகளில் கையாண்டார் எனலாம்.

முதலாவதாக, பாடகரின் குரல்வரியை நாட்டார் முறையிலேயே விட்டுவிட்டு, மேற்கத்திய அம்சங்களைப் பின்னணிக்குக் கொண்டுசென்றார். இரண்டாவதாக, பேஸ் கிதாருக்குத் தாளம் காட்டும் பணியோடு தனியான ஓர் இசைவரியையும் அளித்தார். மூன்றாவதாக, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடைப்பட்ட இடையிசையில் வயலின் கூட்டத்தையும் புல்லாங்குழலையும் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறுவது போல அமைத்தார்.

இதற்கு இசைக்குறியீட்டு அறிவு துணைபுரிந்தது. ஆர்மோனியத்தில் வாசித்துக்காட்டி ஓரிருவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். நாற்பது கலைஞர்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளை வாசிக்க வேண்டுமெனில் அவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மெட்டமைப்பதையும் கருவிகளுக்கான வரிகளை எழுதுவதையும் இளையராஜா தாமே செய்தார்.

ஒப்பீடு

குடிபெயர்ந்த இளைஞர்கள் தம் ஊர்ப்பாட்டை நகரத்து மின்கருவிகளோடு இணைப்பது உலகின் பல பகுதிகளிலும் நிகழ்ந்துள்ளது. பஞ்சாபின் அறுவடை ஆடலிசையான பாங்கரா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. லண்டனின் சவுத்தால் பகுதியில் சன்னி சிங் 1977 இல் தொடங்கிய ஆலாப் குழு, தோல் எனப்படும் பஞ்சாபி முரசுடன் மின்கிதாரையும் சிந்தசைசரையும் சேர்த்தது. திருமண மண்டபங்களே அதன் முதல் மேடைகள். லெஸ்டர் நகரில் 1991 இல் தோன்றிய கார்னர்ஷாப் என்ற ராக் குழுவில் தஜிந்தர் சிங், அவ்தார் சிங் என்ற சகோதரர்கள் இடம்பெற்றனர். பாடகி ஆஷா போஸ்லேயைப் போற்றும் அவர்களது பாடலின் மறுகலவை 1998 இல் பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பெற்றது.

பாவலர் சகோதரர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பிரித்தானியக் குழுக்களின் பாடல்கள் அக்குழுக்களின் பெயரிலேயே இசைத்தட்டுகளாக வெளிவந்தன. தமிழகத்தில் இசைப்பதிவுத் தொழில் பெரும்பாலும் திரைப்படத்தைச் சார்ந்தே இருந்தது. எனவே பாவலர் சகோதரர்கள் ஒரு குழுவாகப் புகழ்பெறவில்லை. திரைத்துறை அவர்களைத் தனித்தனிப் பணிகளாகப் பிரித்தது. இளையராஜா இசையமைப்பாளராகவும், பாஸ்கர் தயாரிப்பாளராகவும், கங்கை அமரன் பாடலாசிரியர், இசையமைப்பாளர், இயக்குநர் எனப் பல நிலைகளிலும் அறியப்பட்டனர்.

பிற்காலமும் மரபும்

குழுவின் பெயர் 'பாவலர் கிரியேசன்ஸ்' என்ற தயாரிப்பு நிறுவனத்தின் வழியே தொடர்ந்தது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'சிங்காரவேலன்' (1992) ஆகியவை அதன் படங்களுள் சில. கங்கை அமரன் 'கோழி கூவுது' (1982) படத்தின் மூலம் இயக்குநரானார். அவர் இயக்கி இளையராஜா இசையமைத்த 'கரகாட்டக்காரன்' (1989) பெருவெற்றி பெற்றது. நாட்டார் கலைஞர்களின் வாழ்வே அதன் கதைக்களம். பல ஆண்டுகள் விலகியிருந்த இளையராஜாவும் கங்கை அமரனும் 2022 இல் மீண்டும் சந்தித்துக்கொண்டனர்.

திரைப்படத்துக்கு வெளியே இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' (1986) கருநாடக இசையையும் பாக்கின் பாணியையும் இணைத்த ஆக்கம். அவரது 'வேலியன்ட்' என்ற சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது.

வரதராசனின் நிலை வேறு. அவர் பாடிய காலத்தில் ஊர்மேடைகளை ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் இல்லை. தேர்தலுக்காக எழுதப்பட்ட பாடல்கள் தேர்தல் முடிந்ததும் பயன்பாட்டிலிருந்து மறைந்தன. அவருடைய பாடல்களில் கேட்டவர்களின் நினைவிலும் தம்பியர் கூற்றுகளிலும் எஞ்சியவையே இன்று பெரிதும் அறியப்படுகின்றன. மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளை எடுத்து ஊர்மேடையில் பாடியவர் அவர். ஊரார் அறிந்த மெட்டுகளைத் திரைப்படத்துக்கு எடுத்துச் சென்றவர்கள் அவருடைய தம்பியர். இவ்விரு திசைப் பயணமும் தொடங்கிய இடம் அவர் நடத்திய குழுவே ஆகும்.